வளைவுக் கணக்கு

வத்தல்மலைக்குப் பஸ் உண்டு.
அதைப் போகவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினோம்
நானும் பைரோஜாவும்.
கண்டக்டர் படியில் தொங்கியபடி
"ஏறலையா?" என்றார்.
"எறங்கறப்ப ஏறிக்கிறோம்" என்றாள் அவள்.
அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

தை பிறந்து ஆறு நாள்.
அடிவாரத் தோப்பில் மாம்பூ நெடி
தொண்டை வரை வந்து நின்றது.
ராகி அறுத்த காட்டைக் குறுக்கே கடந்ததில்
தாள்கட்டை குத்தி
என் இடது குதிகாலில் ஒரு பொட்டு ரத்தம்.
பைரோஜா அதைத் தொழில்முறையாகப் பார்த்தாள்.
தர்மபுரியில் பாதிப் பேரின் சர்க்கரையை அளப்பவள்.

நான் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில்
நிலத்துக்கு நான்கு எல்லை அடித்துக் கொடுப்பவள்:
வடக்கே ஓடை,
கிழக்கே மாதையன் வகையறா புஞ்சை,
தெற்கே வண்டிப்பாதை.
எத்தனையோ ஓடைகள் என் விரல் வழியே போயிருக்கின்றன.
ஒன்றில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.
கணுக்கால் அளவுத் தண்ணீர். சில்லிப்பு.
இதையெல்லாம் பத்திரத்தில் எழுதச் சொல்லி
யாரும் கேட்பதில்லை.

ரோடு சுற்றிச் சுற்றி ஏறுகிறது;
பழைய ஒத்தையடி நேராக ஏறுகிறது.
நேராக என்றால், மூச்சு நிற்கிற நேர்.
வளைவு ரோட்டைப் பாதை வெட்டும் இடத்திலெல்லாம்
எண்ணிக்கொண்டே போனோம்.
ஒன்பதாவதில் பாறைமேல் உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம்.
கீழே தொப்பூர்ப் பக்கம் லாரிகள்
அரிசியில் ஊரும் வண்டு போல.

ராகிக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு.
முந்தின ராத்திரி சீரியல் முடியும்வரை
மொச்சையை ஒவ்வொன்றாகப் பிதுக்கியது
என் வீட்டுக்காரர்;
வில்லி வந்தபோதெல்லாம்
பருப்பு ரெண்டாக உடைந்திருக்கிறது.
"களியை மெல்லாத, முழுங்கு" என்றேன்.
"எனக்குப் பல்லு இருக்கு" என்று மென்றாள்.
குழம்பில் பட்டையும் தேங்காயும் ஆறிப்போய்
சூடாக இருந்ததைவிட நன்றாக இருந்தன.

மேலே போனதும் காற்றுக்கு வேறு உடம்பு.
பால்சிலம்புக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கடை.
சுற்றிலும் காப்பிச் செடி,
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி,
வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயும் பழம்.
கடைக்காரி தீர்த்தம்மா.
"இந்த மலைக் காப்பி ரெண்டு" என்றோம் பெருமையாக.

பால் பொங்கியது.
சரமாகத் தொங்கிய பாக்கெட்டில் இரண்டைக் கிழித்துக் கொட்டினாள்.
"இது கீழ இருந்து வருது."
"அப்ப அது?" என்று தார்ப்பாயைக் காட்டினாள் பைரோஜா.
"அது கீழ போறது."

பொய் சொல்வானேன்,
சர்க்கரை தூக்கலான அந்தக் காப்பி
ஏறி வந்த உடம்புக்கு அமிர்தமாகத்தான் இருந்தது.

எங்கள் முகம் விழுந்ததைப் பார்த்தாளோ என்னவோ,
செடியிலிருந்து சிவந்த பழம் ஒரு கை பறித்து வந்தாள்.
"கடிக்காதீங்க, சப்புங்க."
வழுவழுவென்று ஒரு தித்திப்பு.
பலாச்சுளைக்குத் தூரத்து உறவு.
காப்பி என்று சத்தியம் செய்தாலும் நாக்கு நம்பாது.
துப்ப இடம் தேடினேன்.
"தார்ப்பாயிலயே துப்புங்கம்மா,
கொட்டை எடைக்கு வேணும்."

துப்பினோம்.
எங்கோ ஏசி அறையில் யாரோ
கண்ணை மூடி மணம் பிடிக்கப்போகிற கோப்பைக்குள்
எங்கள் வாய் பட்ட பதினோரு கொட்டை.
பைரோஜா சிரித்த சிரிப்பில்
தீர்த்தம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

சாயங்கால பஸ். அதே கண்டக்டர்.
"மொத்தம் இருபத்து மூணு வளைவு" என்றாள் அவள்.
"இருபத்து நாலு" என்றேன் நான்.
கண்டக்டரைக் கேட்டோம்.
"நான் டிக்கெட்டைத்தாம்மா எண்ணுவேன்."
சரி, இறங்கும்போது எண்ணுவோம் என்று
பந்தயம் கட்டினோம், ஒரு பிளேட் பொரித்த மீனுக்கு.

பதினொன்றாவதில் அவள் தூங்கிப்போனாள்.
வாயோரம் இன்னும் பழத்தோல்.
நான் கடைசிவரை எண்ணினேன்.
சொல்வதாக இல்லை.